எண்ணெய்க்கு உணவு: ஈராக் மீதான பொருளாதாரத் தடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டைத் தண்டிப்பதும் அதே நாட்டுக்குச் சோறு போடுவதும் ஒரே அலுவலகத்தின் வேலையானால் என்ன நடக்கும்? 1990 முதல் 2003 வரை ஈராக்கில் நடந்தது அதுதான். ரஷ்யா, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று எந்த நாட்டின் மீதான தடையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் ஈராக்கை உதாரணம் காட்டுவார். ஆனால் பெரும்பாலோர் நினைவில் இருப்பது, தடையால் இறந்ததாகச் சொல்லப்படும் 'ஐந்து லட்சம் குழந்தைகள்' என்ற எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கும் கீழே வருகிறேன். அதற்கு முன் பணம் யாருடையது, பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

தடை எப்போது வந்தது? எதற்காக?

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. நான்கே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 661-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஈராக்கிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, ஈராக்குக்கு எதையும் விற்கக் கூடாது, பணமும் அனுப்பக் கூடாது. 13 நாடுகள் ஆதரித்தன. கியூபாவும் யேமனும் வாக்களிக்காமல் ஒதுங்கின.

அப்போதைய நோக்கம் குவைத்தை விட்டு ஈராக்கை வெளியேற்றுவது. 1991 பிப்ரவரி இறுதியில் போர் அதைச் செய்து முடித்துவிட்டது. ஆனால் தடை விலகவில்லை. 1991 ஏப்ரலில் வந்த 687-ஆம் தீர்மானம் புதிய நிபந்தனைகளைப் போட்டது: ரசாயன, உயிரியல், அணு ஆயுதத் திட்டங்களைக் கைவிட வேண்டும், போர் இழப்பீடு தர வேண்டும். தடைக்குக் காரணம் மாறியது, தடை மாறவில்லை. இந்த ஒரு நகர்வைக் கவனித்துக்கொண்டால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் பாதிக் குழப்பம் விளங்கிவிடும்.

உணவுக்கும் மருந்துக்குமா தடை போட்டார்கள்?

எழுத்தில் இல்லை. மருந்துக்கு விலக்கு இருந்தது. உணவுக்கு முதலில் 'மனிதாபிமானச் சூழ்நிலையில்' என்ற நிபந்தனையோடும், 1991-க்குப் பிறகு தாராளமாகவும் விலக்கு கிடைத்தது. ஆனால் எண்ணெய் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கோதுமை வாங்கலாம் என்று அனுமதிப்பதில் என்ன பொருள்? ஈராக் தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு. அதன் ஏற்றுமதி வருமானம் அநேகமாக முழுதும் எண்ணெயிலிருந்து வந்தது. கடை திறந்திருந்தது, கையில் காசில்லை.

போரின் குண்டுவீச்சு இதை இன்னும் மோசமாக்கியது. மின்நிலையங்கள் விழுந்தபோது தண்ணீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் நிலையங்களும் நின்றுபோயின. 1991 மார்ச்சில் சென்று பார்த்த ஐ.நா. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டி அஹ்திசாரி. பின்னாளில் பின்லாந்தின் அதிபரானவர், அமைதி நோபல் பெற்றவர். ஈராக் தொழில்யுகத்துக்கு முந்தைய காலத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று அவர் அறிக்கை கொடுத்தார். அதாவது, ஐ.நா.வுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

நிதியுதவிக்கும் தடைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு அல்லவா?

பட்ஜெட்டில் வேறு வேறு தலைப்பு. நடைமுறையில் ஒரே கயிற்றின் இரண்டு நுனி. 1990 நவம்பரில் ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 678-ஆம் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பாதுகாப்பு கவுன்சிலில் இருந்த ஒரே அரபு நாடான யேமன் எதிர்த்து வாக்களித்தது. 'நீங்கள் போட்டதிலேயே அதிக விலையுள்ள வாக்கு இதுதான்' என்று அமெரிக்கத் தரப்பிலிருந்து யேமன் தூதரிடம் சொல்லப்பட்டது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. சொன்னபடியே நடந்தது: அமெரிக்காவின் சுமார் 7 கோடி டாலர் உதவி வெட்டப்பட்டது. யேமனின் நிலைப்பாட்டால் கோபமுற்ற சவூதி அரேபியாவும் விதிகளை மாற்றியதில், அங்கே வேலைபார்த்த லட்சக்கணக்கான யேமனியர்கள் மூட்டை கட்டினார்கள்.

மறுபுறம் எகிப்தைப் பாருங்கள். ஈராக்குக்கு எதிரான கூட்டணியில் சேர்ந்தது, அமெரிக்காவுக்குத் தர வேண்டிய சுமார் 700 கோடி டாலர் ராணுவக் கடன் தள்ளுபடியானது. 1991-இல் பாரிஸ் கிளப் (கடன் கொடுத்த பணக்கார அரசுகளின் கூட்டு) நாடுகளும் தங்களுக்கு வர வேண்டிய கடனில் பாதியைக் குறைக்க ஒப்புக்கொண்டன.

இது ஒரு போர்க்காலத்தின் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பு கவுன்சிலில் இரண்டாண்டு தற்காலிக இடம் கிடைக்கும் நாடுகளுக்கு, அந்தக் காலத்தில் மட்டும் அமெரிக்க உதவி சராசரியாக 59 சதவீதம் உயர்கிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இடம் போனதும் பணமும் இறங்கிவிடுகிறது. வறுமை இரண்டாண்டுக்கு மட்டும் கூடிக் குறைவதில்லை. வாக்கின் விலைதான் கூடிக் குறைகிறது.

சாதாரண ஈராக்கியரின் வாழ்க்கை எப்படி மாறியது?

தினாரைப் பார்த்தாலே போதும். 1980-களில் அதிகாரபூர்வ மதிப்பில் ஒரு தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைத்தது. 1995 கடைசியில் சந்தையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3,000 தினார். வெளிநாட்டில் நோட்டு அச்சடிக்க வழியில்லாததால், அரசு உள்ளூரிலேயே மட்டமான தாளில் சதாமின் படத்தைப் போட்டு அச்சடித்துத் தள்ளியது. பள்ளி ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலர்களுக்கு இறங்கியது. டாக்சி ஓட்டிய பொறியாளர்களும் சிகரெட் விற்ற ஆசிரியர்களும் அந்தக் காலத்துப் பாக்தாதில் சாதாரணக் காட்சி. முத்தனப்பி தெருவின் வெள்ளிக்கிழமைப் புத்தகச் சந்தையில் பேராசிரியர்கள் தங்கள் வீட்டு நூலகத்தைத் தரையில் பரப்பி விற்றார்கள்.

வடக்கே குர்து பகுதியில் ஒரு விந்தை. பாக்தாதின் கட்டுப்பாடு அங்கே 1991-லேயே அற்றுப்போனது. அங்குள்ளவர்கள் போருக்கு முந்தைய பழைய நோட்டுகளையே புழங்கினார்கள். 'சுவிஸ் தினார்' என்று அவற்றுக்குப் பெயர். புதிதாக அச்சடிக்க யாருக்கும் அதிகாரமில்லை, எனவே அதன் மதிப்பு விழவும் இல்லை. எந்த அரசும் பொறுப்பேற்காத கிழிந்த நோட்டு, ஓர் அரசு முத்திரை போட்ட புது நோட்டைவிட மதிப்பாக இருந்தது. 2003-இல் நோட்டு மாற்றியபோது ஒரு சுவிஸ் தினாருக்கு 150 சதாம் தினார் என்று கணக்கிட்டார்கள். பணவியல் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

'எண்ணெய்க்கு உணவு' திட்டம் என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது?

ஈராக் எண்ணெய் விற்கலாம். ஆனால் பணம் பாக்தாதுக்குப் போகாது. அது ஐ.நா. கட்டுப்பாட்டில் உள்ள கணக்கில், ஒரு பிரெஞ்சு வங்கியின் நியூயார்க் கிளையில் சேரும். அதிலிருந்து உணவு, மருந்து, பின்னர் உதிரிபாகங்கள் வாங்கலாம். திட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

தாமதத்துக்கு இருதரப்பும் காரணம். 1991-லேயே ஆறு மாதத்துக்கு 160 கோடி டாலர் எண்ணெய் விற்க ஐ.நா. வாய்ப்பளித்தது. தன் நாட்டு வருமானத்தை வெளியார் கையாள்வது இறையாண்மைக்கு இழுக்கு என்று சதாம் மறுத்தார். மக்கள் பட்டினி கிடந்த ஐந்து ஆண்டுகளில் இறையாண்மை மட்டும் நன்றாகச் சாப்பிட்டது. 1995 ஏப்ரலில் 986-ஆம் தீர்மானம், 1996 மே மாதம் உடன்படிக்கை, டிசம்பரில் முதல் எண்ணெய் ஏற்றுமதி. முதல் உணவுக் கப்பல் வந்தது 1997 மார்ச்சில்.

உடன்படிக்கைக்கு சதாமை இணங்க வைக்க ஐ.நா. ஒரு சலுகை கொடுத்தது: எண்ணெயை யாருக்கு விற்பது, பொருளை யாரிடம் வாங்குவது என்பதை ஈராக் அரசே முடிவு செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊழல் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

அது உலக நாடுகளின் நன்கொடைதானே?

இல்லை. மிகப் பரவலான தவறான கருத்து இது. ஒரு பைசா நன்கொடை கிடையாது. முழுக்க ஈராக்கியர்களின் எண்ணெய்ப் பணம். திட்டக் காலத்தில் சுமார் 6,420 கோடி டாலர் எண்ணெய் விற்கப்பட்டது. மனிதாபிமானப் பொருள் ஒப்பந்தங்களுக்குப் போனது சுமார் 3,450 கோடி.

மீதி? தொடக்கத்தில் வருமானத்தின் 30 சதவீதம் போர் இழப்பீட்டு நிதிக்குப் போனது. 2000 டிசம்பரில் 25 சதவீதமாகக் குறைந்தது. 2.2 சதவீதம் ஐ.நா.வின் நிர்வாகச் செலவு. 0.8 சதவீதம் ஆயுதச் சோதனையாளர்களுக்கு. தன்னைச் சோதனை போட வந்தவர்களின் சம்பளத்தையும் ஈராக்கே கொடுத்தது. வடக்கு மாகாணங்கள் மூன்றுக்கு 13 சதவீதம். நாட்டின் பெரும்பகுதியான மத்திய, தெற்கு ஈராக்குக்கு முதலில் 53, பின்னர் 59 சதவீதம்.

இன்னொரு நுணுக்கம்: மத்திய, தெற்குப் பகுதிகளுக்குப் பொருள் மட்டுமே வரலாம், ரொக்கம் வரக் கூடாது. மருந்து வாங்கலாம், அதைக் கொடுக்கும் செவிலியருக்குச் சம்பளம் போட முடியாது. பம்பு வாங்கலாம், பொருத்துகிறவருக்குக் கூலி தர முடியாது. மருத்துவம் தெரிந்த எவரும் இப்படி ஒரு திட்டத்தை எழுதியிருக்க மாட்டார். ரொக்கம் சதாமின் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் எழுதப்பட்ட திட்டம் இது.

இழப்பீடு யாருக்குப் போனது? நம்மூர்க்காரர்களுக்கும் கிடைத்ததா?

கிடைத்தது. 1990 ஆகஸ்டில் குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் அவர்கள் திரும்பிய கதை பிரசித்தம். கேரளத்துக்காரர்கள், தமிழர்கள், இலங்கையிலிருந்து வீட்டுவேலைக்குப் போயிருந்த பெண்கள் எனப் பலரும் உடுத்திய துணியோடு ஊர் திரும்பினார்கள். ஜெனீவாவில் அமைந்த ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் இவர்களைப் போன்ற தனிநபர் கோரிக்கைகளுக்கு முன்னுரிமை கொடுத்தது நல்ல முடிவு. குவைத்தை விட்டு ஓட நேர்ந்ததற்கு என்றே நிலையான தொகை நிர்ணயித்தார்கள்: தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000.

நியாயமான பணம்தான். ஆனால் அது சதாமின் பையிலிருந்து வரவில்லை. மொசூலிலும் பஸ்ராவிலும் ரேஷனுக்கு நின்றவர்களின் எண்ணெயிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது. பெருந்தொகை போனது ஏழைத் தொழிலாளர்களுக்கு அல்ல, குவைத் அரசுக்கும் அதன் எண்ணெய் நிறுவனத்துக்கும். ஆணையம் மொத்தம் தீர்ப்பளித்த 5,240 கோடி டாலரின் கடைசித் தவணை கட்டி முடிந்தது 2022 ஜனவரியில். சதாமைத் தூக்கிலிட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும், அவர் போட்ட போரின் பில்லை, அப்போது பிறக்காத பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈராக்கின் ரேஷன் எப்படி நடந்தது?

நம் நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. தடை வந்த அடுத்த மாதமே, 1990 செப்டம்பரில், அரசு எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் அட்டை கொடுத்தது. வருமான வரம்பு இல்லை. அரசு கடை திறக்கவில்லை. தெருவில் ஏற்கெனவே மளிகைக் கடை வைத்திருந்தவர்களை முகவர்களாக ஆக்கியது. அப்படி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவர்கள். எண்ணெய்க்கு உணவு திட்டம் சூடுபிடித்த பிறகு ஒரு தலைக்கு மாதம் 9 கிலோ மாவு, ஏறத்தாழ 3 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை, கூடவே தேயிலை, சமையல் எண்ணெய், பருப்பு, பால்பவுடர், உப்பு, சோப்பு. 1996-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி அளவில் இருந்தது, 2002-இல் 2,200 ஆனது. மக்களில் சுமார் 60 சதவீதம் பேர் இந்தக் கூடையையே நம்பியிருந்தார்கள்.

நிர்வாகம் என்ற அளவில் அது அசாத்தியமான சாதனை. பசியைத் தடுத்தது, அதை மறுப்பவர்கள் நேர்மையானவர்கள் அல்லர். கையில் காசில்லாத குடும்பங்கள் கூடையிலிருந்து பால்பவுடரையோ தேயிலையையோ சந்தையில் விற்று, செருப்பும் மாத்திரையும் வாங்கினார்கள். எனவே கலோரிக் கணக்கு காகிதத்தில் இருந்ததைவிட வயிற்றில் குறைவு.

இந்த ரேஷன்தான் தடையின் நோக்கத்தையே கவிழ்த்தது என்பது என் கருத்து. தடைக்கு முன் ஓர் ஈராக்கிய வியாபாரியோ பொறியாளரோ அரசைச் சாராமல் பிழைக்க முடிந்தது. தடை அந்த நடுத்தர வர்க்கத்தை ஒழித்தது. மிஞ்சிய வருமானம் அரசு வழியாக மட்டுமே வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தலை, யார் பிறந்தார், யார் செத்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்பது அரசின் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவேடு எவ்வளவு முழுமையானது என்றால், சதாம் விழுந்த பிறகு 2005 ஜனவரியில் நடந்த தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை அதிலிருந்துதான் தயாரித்தார்கள். மாவு கொடுக்கும் கையை மாதாமாதம் பார்க்கிறவன் அந்தக் கைக்கு எதிராகக் கிளர்ந்தெழுவான் என்று வாஷிங்டனில் யாரோ நம்பியிருக்கிறார்கள்.

உள்ளூர் விவசாயிக்கு என்ன ஆனது?

அடி. திட்டத்தின் பணத்தில் வெளிநாட்டுக் கோதுமைதான் வாங்க முடியும், உள்ளூர் விளைச்சலை வாங்க விதி இடம் தரவில்லை. நல்ல மழை பெய்து குர்து மாகாணங்களில் கோதுமை விளைந்த ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியக் கோதுமை ஏறத்தாழ இலவசமாக வீடு தேடி வந்தது. விலை கிடைக்காத விவசாயி நிலத்தைத் தரிசாகப் போட்டான். உணவு உதவி பற்றி ஆப்பிரிக்காவிலிருந்து காலங்காலமாகக் கேட்கும் அதே புகார்தான்.

மருந்தையும் பம்புகளையும் ஏன் நிறுத்திவைத்தார்கள்?

ஒவ்வொரு ஒப்பந்தமும் '661 குழு'வின் அனுமதிக்குப் போக வேண்டும். பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பினர்களும் அதில் உண்டு. முடிவு ஒருமனதாக வேண்டும். ஒரே ஒரு நாடு 'நிறுத்திவை' என்றால் போதும், காரணம் சுருக்கமாக இருந்தாலும் சரி, கோப்பு உறங்கிவிடும். பெரும்பாலான நிறுத்தங்கள் அமெரிக்காவுடையவை, சில பிரிட்டனுடையவை. ஆயுதம் செய்யவும் பயன்படக்கூடும் என்பதே வழக்கமான காரணம். குடிநீருக்குப் போடும் குளோரின் ரசாயன ஆயுதத்துக்கும் உதவும். இப்படிப் பார்த்தால் உதவாத பொருள் குறைவு. 2002 ஜூலையில் 500 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தங்கள் நிறுத்தத்தில் கிடந்தன.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் முறையைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள்: தடைசெய்யப்பட்ட பட்டியலில் இல்லாதது எல்லாம் தானாகப் போகலாம். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த அறிவு. அது பலன் தரும் முன் போர் வந்துவிட்டது.

திட்டத்தை ஈராக்கில் நடத்திய ஐ.நா. ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் அடுத்தடுத்து விலகினார்கள். 1998-இல் அயர்லாந்துக்காரரான டெனிஸ் ஹாலிடே, 2000-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் வான் ஸ்போனெக். ஹாலிடே 34 ஆண்டு ஐ.நா. ஊழியர். உள்ளே இருந்து பார்த்தவர்கள் பதவியை உதறுவது அந்த அமைப்பில் அரிது.

ஊழல் எப்படி நடந்தது?

இரண்டு வாசல்கள். இரண்டும் 1996-இல் கொடுத்த அந்தச் சலுகையால் திறந்தவை.

முதல் வாசல் எண்ணெய். விற்பனை விலைக்கு ஐ.நா. ஒப்புதல் வேண்டும், ஆனால் ஈராக் அதைச் சந்தையைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்கவே முயலும். எண்ணெய் ஒதுக்கீடு பெற்றவர் அதைப் பெரிய வர்த்தகரிடம் கைமாற்றினால் பீப்பாய்க்குச் சில பத்து சென்ட் லாபம், கப்பலைக்கூடப் பார்க்க வேண்டாம். இந்த ஒதுக்கீடுகளை சதாம் அரசு வெளிநாட்டு அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், நண்பர்கள் பெயரில் வழங்கியது. 2000 இறுதியில் அந்த லாபத்திலும் பங்கு கேட்டது: பீப்பாய்க்கு 10 முதல் 50 சென்ட் வரை கூடுதல் தொகை, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளிலோ தூதரகங்களிலோ கட்ட வேண்டும். இப்படிச் சேர்ந்தது சுமார் 23 கோடி டாலர்.

இரண்டாம் வாசல் கொள்முதல், இது இன்னும் பெரியது. முதலில் 'உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம்' என்று வசூலித்தார்கள். பிறகு எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொதுவாகப் பத்து சதவீதம், பெயர் 'விற்பனைக்குப் பிந்தைய சேவைக் கட்டணம்'. டிராக்டருக்குச் சேவை தேவை, சரி. அரிசி மூட்டைக்கு என்ன சேவை செய்வார்கள்? யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் விற்பவர் அந்தப் பத்து சதவீதத்தை விலையில் ஏற்றி ஐ.நா. கணக்கிலிருந்தே வாங்கிக்கொண்டார். அதாவது ஈராக்கியர்களின் உணவுப் பணம் நியூயார்க் போய், விற்பனையாளர் வழியாக சதாமிடம் திரும்பி வந்தது. இவ்வகையில் சுமார் 155 கோடி டாலர். ஆஸ்திரேலியக் கோதுமை வாரியம்தான் இதில் முதலிடம். ஜோர்டானில் பதிவான 'அலியா' என்ற லாரி நிறுவனத்துக்குப் போக்குவரத்துக் கட்டணம் என்று 22 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அந்த நிறுவனம் ஒரு மூட்டைகூடச் சுமக்கவில்லை.

இவற்றை வெளிக்கொண்டுவந்தது, அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு. 2005 அக்டோபரில் வந்த இறுதி அறிக்கையில் 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் இடம்பெற்றன. திட்டத்தின் தலைவராக இருந்த பெனன் செவான் லஞ்சம் பெற்றதாகவும் குழு குற்றம்சாட்டியது, அவர் மறுத்தார்.

ஆனால் செய்தித்தாள்கள் இந்த 180 கோடியைப் பற்றி எழுதிய அளவுக்கு இன்னொரு தொகையைப் பற்றி எழுதவில்லை. திட்டத்துக்கு வெளியே, ஜோர்டானுக்கும் துருக்கிக்கும் சிரியாவுக்கும் நேரடியாகக் கடத்திய எண்ணெயில், திட்டக் காலத்தில் மட்டும் சதாம் சம்பாதித்தது சுமார் 840 கோடி டாலர் என்று அதே வோல்க்கர் குழு மதிப்பிட்டது. ஹாபூர் எல்லையில் துருக்கி லாரிகள் மைல்கணக்கில் வரிசை நின்றது ரகசியம் அல்ல. ஜோர்டானும் துருக்கியும் அமெரிக்காவின் நண்பர்கள். தடையை மீறினாலும் அவற்றுக்கு உதவி தொடரலாம் என்று அமெரிக்க அரசே ஆண்டுதோறும் விலக்களித்தது. தடையை மீறியதில் பெரும்பகுதி, தடை போட்டவர்களின் கண்ணெதிரே நடந்தது.

இந்திய அரசியலில் இது புயலைக் கிளப்பியதே?

ஆம். வோல்க்கர் அறிக்கையின் இணைப்பில், ஒதுக்கீட்டுப் பயனாளிகள் பட்டியலில், அப்போதைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங்கின் பெயரும் காங்கிரஸ் கட்சியின் பெயரும் இருந்தன. இரு தரப்பும் மறுத்தன. 2005 நவம்பரில் அவரிடமிருந்து துறை பறிக்கப்பட்டது, டிசம்பரில் அமைச்சரவையை விட்டே விலகினார். 2006-இல் நீதிபதி பாடக் குழு, அவர் பரிந்துரைக் கடிதங்கள் மூலம் உதவினார், ஆனால் பணம் பெற்றதற்குச் சான்றில்லை என்றது.

ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தது உண்மையா?

அந்த எண் நிற்கவில்லை. 1996 மே மாதம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில், ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்திருக்கிறார்களே, இது தகுமா என்று கேட்டபோது, ஐ.நா.வுக்கான அன்றைய அமெரிக்கத் தூதர் மேட்லின் ஆல்பிரைட், அந்த விலை தகும் என்றே நினைக்கிறோம் என்று பதில் சொன்னார். பின்னாளில் அதற்கு வருந்தினார். எண்ணை மறுக்காமல் விலையை நியாயப்படுத்தியதுதான் உலகை அதிரவைத்தது.

1999-இல் ஈராக் அரசின் பங்களிப்போடு யுனிசெஃப் நடத்திய ஆய்வு, மத்திய, தெற்கு ஈராக்கில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்கு 56-லிருந்து 131 ஆக உயர்ந்தது என்றது. சதாம் ஆட்சி விழுந்த பிறகு எடுத்த கணக்கெடுப்புகள் எதிலும் அப்படியோர் எகிறல் தென்படவில்லை. 1999 தரவு அரசால் திட்டமிட்டுத் திரிக்கப்பட்டது என்று 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை வாதிட்டது. அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

இதை வைத்து 'அப்படியானால் தடையால் யாரும் கஷ்டப்படவில்லை' என்கிறவர்களும் உண்டு. ஊட்டச்சத்துக் குறைவு, அசுத்த நீரால் பரவிய நோய்கள், கரைந்துபோன சம்பளம் இவற்றுக்கெல்லாம் சாட்சியம் ஏராளம். இறப்பு எண்ணை ஊதிப் பெருக்கியதால் சதாமுக்கு லாபம். அது உடைந்தபோது தடையின் ஆதரவாளர்களுக்கு லாபம். இடையில் கிடந்தவர்களுக்கு இரண்டாலும் ஒன்றுமில்லை.

கடைசியில் தடை வென்றதா, தோற்றதா?

எந்த நோக்கத்தை வைத்து அளப்பது? ஆயுதம் என்றால் வென்றது. 2003 படையெடுப்புக்குப் பிறகு சல்லடை போட்டுத் தேடியும் பேரழிவு ஆயுதக் கையிருப்பு கிடைக்கவில்லை. தடையும் சோதனையும் தங்கள் வேலையை முன்பே முடித்திருந்தன. வென்ற தடையை நம்பாமல்தான் போர் தொடுத்தார்கள்.

ஆட்சி மாற்றம் என்றால் படுதோல்வி. சதாம் இருக்கும்வரை தடை நீங்காது என்று அமெரிக்கா வெளிப்படையாகவே சொல்லிவந்தது. நிபந்தனையை நிறைவேற்றினாலும் விடுதலை இல்லை என்று தெரிந்த கைதி எதற்கு ஒத்துழைப்பான்?

1998-இல் இந்தியா மீதும் தடை வந்ததே, அது ஏன் இப்படி வலிக்கவில்லை?

பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்தவை அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் தனித்தனியே போட்ட தடைகள்; ஐ.நா. முற்றுகை அல்ல. வணிகம் தொடர்ந்தது, நின்றது உதவியும் கடனும் ராணுவத் தொழில்நுட்பமும். வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் பத்திரம் விற்று பாரத ஸ்டேட் வங்கி 420 கோடி டாலர் திரட்டிவிட்டது. அமெரிக்க விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. பாகிஸ்தானும் சோதனை நடத்தித் தடைக்கு ஆளாகியிருந்தது. அது அமெரிக்கக் கோதுமையின் பெரிய வாடிக்கையாளர். இரண்டே மாதத்தில் வேளாண் கடனுக்கு விலக்களித்து அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. தடை போடும் நாட்டுக்குள்ளும் வாக்காளர்கள் இருக்கிறார்கள்.

இன்றைய தடைகள் திருந்திவிட்டனவா?

ஓரளவு. முழு நாட்டையும் முற்றுகையிடுவதற்குப் பதிலாகத் தனிநபர்கள், வங்கிகள், குறிப்பிட்ட துறைகள் என்று குறிவைப்பது ஈராக்குக்குப் பின் வந்த வழக்கம். 2022 டிசம்பரில் 2664-ஆம் தீர்மானம், ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகள் அனைத்துக்கும் பொதுவான மனிதாபிமான விலக்கை உருவாக்கியது. பயங்கரவாத அமைப்புகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று கூறி இந்தியா மட்டும் வாக்களிக்கவில்லை.

ஆனால் விலக்கு இருக்கிறது என்பதற்காக வங்கிகள் பணத்தை அனுப்பிவிடுவதில்லை. அபராதத்துக்குப் பயந்து, அனுமதிக்கப்பட்டதையும் அவை தொடுவதில்லை. இலங்கை ஈரானுக்கு 25 கோடி டாலர் எண்ணெய்க் கடன் வைத்திருந்தது. கட்ட டாலரும் தட்டுப்பாடு, அனுப்பும் வழியும் அடைப்பு. 2021 டிசம்பரில் செய்த ஏற்பாட்டின்படி மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையைக் கொடுத்துத் தீர்ப்பது என்று முடிவானது. பண்டமாற்று காலத்துக்குத் திரும்புகிற இந்த வேலைக்கு மலையகத்துக் கொழுந்து பயன்பட்டது.

ஈராக்கின் எண்ணெய்ப் பணம் இப்போதாவது ஈராக்குக்கு நேராகப் போகிறதா?

இல்லை. 2003 மே மாதம் 1483-ஆம் தீர்மானம் பொருளாதாரத் தடையை நீக்கியபோது, எண்ணெய் வருமானத்தை நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கில் போடும் ஏற்பாடு தொடங்கியது. பெயரும் உரிமையும் மாறிவிட்டன, கணக்கு இப்போது ஈராக் மத்திய வங்கியுடையது. இடம் மட்டும் மாறவில்லை. பாக்தாதுக்கு வேண்டிய டாலர் நோட்டுகள் அங்கிருந்து விமானத்தில் போகின்றன. 2020 ஜனவரியில் அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஈராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்ட சில நாட்களில், அந்தக் கணக்கை அணுக முடியாமல் போகலாம் என்று வாஷிங்டன் எச்சரித்ததாகச் செய்திகள் வந்தன. படைகள் உடனே வெளியேறவில்லை.